முப்பது வருஷம் ஓடிய கிச்சன் சிங்க் பிரஸ்

கேள்வி இதுதான்: வில் ஐஸ்னர், ராபர்ட் கிரம்ப், ஆலன் மூர் என்று காமிக்ஸ் உலகின் இவ்வளவு பெரிய ஆட்களின் புத்தகங்களைப் போட்ட அமெரிக்கப் பதிப்பகம் கிச்சன் சிங்க் பிரஸ் 1999இல் ஏன் இழுத்து மூடப்பட்டது? விற்பனை இல்லையா, நிர்வாகக் கோளாறா?

இரண்டும் உண்டு. ஆனால் மூடிய இடத்திலிருந்து ஆரம்பித்தால் கதை பிடிபடாது. அமெரிக்காவில் அதே காலத்தில் தொடங்கிய சின்ன காமிக்ஸ் பதிப்பகங்களில் பெரும்பாலானவை பத்து வருஷம்கூடத் தாண்டவில்லை. இது முப்பது வருஷம் ஓடியது. எப்படி ஓடியது என்று தெரிந்தால், ஏன் நின்றது என்பது தானாகவே விளங்கிவிடும். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதிப்பகத்தைத் தொடங்கிய டெனிஸ் கிச்சன் 1946இல் பிறந்தவர். விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரத்துக்காரர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர். படிக்கும்போதே ஒரு நகைச்சுவைப் பத்திரிகையை நண்பர்களோடு சேர்ந்து நடத்தியவர். 1969இல் 'மாம்ஸ் ஹோம்மேட் காமிக்ஸ்' என்று ஒரு புத்தகத்தைத் தானே வரைந்து, தானே காசு போட்டு 4,000 பிரதி அச்சடித்தார். ஊருக்குள் கடை கடையாக ஏறி இறங்கிக் கொடுத்தார். பெரும்பகுதி மில்வாக்கியிலேயே விற்றுத் தீர்ந்தது. பதிப்பாளர் ஆகவேண்டும் என்ற திட்டமெல்லாம் அப்போது கிடையாது. அவருக்கு ஆசை படம் வரைவதில்தான்.

அந்தக் காலச் சூழலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1954இல் காமிக்ஸ் கோடு என்ற சுயதணிக்கை வந்தபிறகு அமெரிக்கப் பத்திரிகைக் கடைகளில் கிடைத்த காமிக்ஸ் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று ஆகிவிட்டது. 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரம்ப் 'ஜாப் காமிக்ஸ்' போட்டார். குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டியில் பிரதிகளை வைத்துத் தெருவில் விற்றார்கள் என்பது பிரபலமான கதை. பெரியவர்களுக்கான, எந்தத் தணிக்கை முத்திரையும் இல்லாத இந்த வகையைத்தான் அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் என்றார்கள். இவை விற்ற இடம் 'ஹெட் ஷாப்' எனப்பட்ட கடைகள்: போஸ்டர், ஊதுபத்தி, கஞ்சா புகைக்கும் குழாய், சுருட்டும் தாள் எல்லாம் விற்கும் ஹிப்பி கடைகள்.

இதில் கவனிக்க வேண்டியது கடையின் வாசனையை அல்ல, கணக்கை. சாதாரணப் பத்திரிகைக் கடை விற்பனையில் விற்காத பிரதிகள் பதிப்பாளருக்கே திரும்பி வரும். பத்து பிரதி விற்க வேண்டுமென்றால் இருபது, இருபத்தைந்து அச்சடித்து அனுப்ப வேண்டும். அந்தச் சூதாட்டத்துக்குப் பெரிய முதல் வேண்டும். ஹெட் ஷாப்காரர்களோ பிரதிகளைக் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். திருப்பி அனுப்பும் பேச்சே இல்லை. காமிக்ஸ் பழசாவதும் இல்லை. இந்த மாதம் தீர்ந்தால் அடுத்த மாதம் மறுபதிப்பு. கிரம்ப் வரைந்து கிச்சன் 1971இல் வெளியிட்ட 'ஹோம் குரோன் ஃபன்னீஸ்' இப்படித்தான் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சாகிக்கொண்டே இருந்தது. கையில் சில ஆயிரம் டாலர்கூட இல்லாத ஒருவர் பதிப்பாளராக முடிந்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

சரி, அவர் எப்படிப் பதிப்பாளர் ஆனார்? தன் இரண்டாவது இதழைக் கலிஃபோர்னியாவின் பிரிண்ட் மிண்ட் என்ற பதிப்பகத்திடம் கொடுத்தார். அவர்கள் கணக்குக் காட்டிய விதம் அவருக்குத் திருப்தியாக இல்லை. நானே போட்டுக்கொள்கிறேன் என்று 1970இல் இறங்கிவிட்டார். சிகாகோவிலிருந்த ஜே லிஞ்ச் தன்னுடைய 'பிஜூ ஃபன்னீஸ்' இதழையும் நீயே போடு என்று கொடுத்தார். தன் புத்தகத்தை மட்டும் போடுபவர் சுயவெளியீட்டாளர். அடுத்தவர் புத்தகத்தைக் கையில் வாங்கிய நிமிஷத்தில் அவர் பதிப்பாளர். பதிப்பகத்தின் பெயருக்குக் காரணம் அவருடைய குடும்பப் பெயர்தான். ஆங்கிலத்தில் 'சமையலறைத் தொட்டியைத் தவிர எல்லாம் இருக்கிறது' என்றொரு சொலவடை உண்டு. இவர் அந்தத் தொட்டியையே பெயராக வைத்துக்கொண்டார்.

அதே 1970இல் மில்வாக்கியில் ஒரு மாற்று வாரப் பத்திரிகையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். சோஷலிஸ்ட் லேபர் கட்சி சார்பில் விஸ்கான்சின் மாநிலத்தின் துணை ஆளுநர் பதவிக்கு வேறு நின்றார். தோற்றார் என்று சொல்லவே வேண்டியதில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து முதலீட்டாளர்களோடு பட்ட பாட்டை நினைத்தால், இந்தத் துண்டுச் செய்தி எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.

அவர் போட்ட ஒப்பந்தம் எப்படிப்பட்டது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. அன்றைக்குப் பெரிய கம்பெனிகளில் ஓவியருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. வரைந்த மூலப்படம் கம்பெனிக்கு, பாத்திரம் கம்பெனிக்கு, நாளைக்கு அது சினிமாவானால் அந்தப் பணமும் கம்பெனிக்கு. கிச்சன் தானே ஓவியர் என்பதால் இதை அடியோடு மாற்றி வைத்தார். அண்டர்கிரவுண்ட் பதிப்பாளர்கள் பலரும் பின்பற்றிய முறைதான் அது. பதிப்புரிமை ஓவியருக்கே, மூலப்படம் அவருக்கே திரும்பும், அச்சாகும் பிரதிகளுக்கு ஏற்ப ராயல்டி. கிரம்ப் மாதிரி ஆட்கள் நம்பி வந்ததற்கு இந்த நேர்மைதான் காரணம். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. இப்படி நடத்தும் பதிப்பகத்துக்குச் சொந்தமாக எதுவும் மிஞ்சாது. ஓவியர் கிளம்பினால் புத்தகமும் கூடவே கிளம்பும். பீரோவில் இருப்பது பழைய ஸ்டாக்கும் நல்ல பெயரும் மட்டும். கடைசிக் காலத்தில் இது எப்படித் திரும்பி வந்து கடித்தது என்று பிறகு சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கம்பெனி மில்வாக்கியை விட்டு பிரின்ஸ்டன் என்ற சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தது. புகழ்பெற்ற பல்கலைக்கழகம் இருக்கும் பிரின்ஸ்டன் அல்ல; விஸ்கான்சினுக்குள்ளேயே பண்ணைகளுக்கு நடுவில் கிடக்கும் ஒரு ஊர். இதழ்களில் அச்சான முகவரி, ஸ்வாம்ப் ரோடு, எண் 2. சதுப்பு நிலச் சாலை என்று அர்த்தம். நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ வாசகர்களெல்லாம் இதை ஒரு ஜோக் என்றே நினைத்திருப்பார்கள். பண்ணையில் வாடகைச் செலவு குறைவு, இடம் தாராளம், தீராத ஸ்டாக்கை வருஷக்கணக்கில் அடுக்கி வைக்கலாம். மறுபதிப்பையும் பழைய ஸ்டாக்கையும் நம்பிப் பிழைக்கும் தொழிலில் குடோன் செலவு குறைவாக இருப்பது பாதி வெற்றி. நகரத்தில் இருந்திருந்தால் 1973க்குப் பிறகு கம்பெனி பிழைத்திருக்காது என்பது என் கணிப்பு.

அப்புறம் பக்க வியாபாரங்கள். காமிக்ஸுக்கு மேலே 'க்ரப்' என்ற பெயரில் ஒரு தாய்க் கம்பெனி வைத்திருந்தார். அதன் வழியாகத் தபால் விற்பனை நடந்தது. 1972இல் ஓர் இசைத்தட்டுகூட வந்தது. கிரம்ப்புக்குப் பழைய இசை என்றால் உயிர். அவருடைய குழு வாசித்ததை 78 வேகத் தட்டாகவே வெளியிட்டார்கள். ஊரே நீண்ட நேரம் ஓடும் தட்டுகளுக்கு மாறி இருபது வருஷம் ஆன பிறகு, மூன்று நிமிஷம் ஓடும் தட்டு! கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் கிரம்ப்பின் ரசிகர்கள் யார், அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்த ஒருவரால்தான் இதைச் செய்ய முடியும். சட்டையில் குத்தும் பேட்ஜ் வரிசை ஒன்று 1975இல் வந்தது: புகழ்பெற்ற கார்ட்டூனிஸ்டுகள் தங்கள் முகத்தைத் தாங்களே வரைந்த பேட்ஜ்கள். இவையெல்லாம் சின்னச் சின்ன வருமானம்தான். ஆனால் காமிக்ஸ் விற்காத மாதங்களில் சம்பளம் கொடுக்க உதவும் வருமானம்.

அப்படிப்பட்ட மாதங்கள் 1973இல் வந்தன. அந்த ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மில்லர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எது ஆபாசம் என்பதை அந்தந்தச் சமூகத்தின் அளவுகோலை வைத்து முடிவு செய்யலாம் என்றது. அதாவது சான் பிரான்சிஸ்கோவில் பிரச்சினையில்லாத புத்தகம், ஏதோ ஒரு சின்ன ஊரின் கடைக்காரரை ஜெயிலுக்கு அனுப்பலாம். பதிப்பாளரைவிடக் கடைக்காரர்தான் முதலில் பயந்தார். ஐம்பது சென்ட் புத்தகத்துக்காக யார் வக்கீல் வைப்பார்கள்? கூடவே ஹெட் ஷாப்களைக் குறிவைத்து உள்ளூர்ச் சட்டங்கள் வரத் தொடங்கின. சுமாரான அண்டர்கிரவுண்ட் இதழ்கள் அளவுக்கு மேல் குவிந்து வாசகர்களுக்கும் சலித்துப் போயிருந்தது. மொத்தச் சந்தையும் ஒரே வருஷத்தில் சுருங்கியது.

கிச்சன் அப்போது செய்தது பலருக்குப் பிடிக்கவில்லை. மார்வெல் கம்பெனியின் ஸ்டான் லீயோடு பேசி, மார்வெல் காசில் ஓர் அரை-அண்டர்கிரவுண்ட் பத்திரிகை நடத்த ஒப்புக்கொண்டார். 1974இல் வந்த அதன் பெயர் 'காமிக்ஸ் புக்'. நியூயார்க் போகாமல் விஸ்கான்சினில் உட்கார்ந்தபடியே அதைத் தொகுத்தார். ஆர்ட் ஸ்பீகல்மன் பின்னாளில் பெரிய புத்தகமாக விரித்த 'மௌஸ்' கதையின் ஆரம்பகாலக் குட்டி வடிவம் இதில் மறுபடி அச்சானது. ஆனால் பத்திரிகைக் கடைகளில் இதை எந்த அலமாரியில் வைப்பது என்று யாருக்கும் புரியவில்லை. உரிமை விஷயத்திலும் இழுபறி. மூன்று இதழோடு மார்வெல் கையைக் கழுவியது. தயாராகிக் கையிலிருந்த மீதிப் பக்கங்களைக் கிச்சன் சிங்க் பிரஸ் சொந்தமாக இன்னும் இரண்டு இதழாகப் போட்டது. எதிரி முகாமுக்குப் போய்விட்டான் என்று அன்றைக்குத் திட்டியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், சந்தை படுத்துக் கிடந்த நேரத்தில் பத்திருபது ஓவியர்களுக்கு ஒழுங்கான சம்பளம் வாங்கிக் கொடுத்த வேலை அது.

இனி ஐஸ்னர். இந்தக் கதையின் நடுத்தூண் இவர்தான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வில் ஐஸ்னர் 'ஸ்பிரிட்' என்ற துப்பறியும் காமிக்ஸ் தொடரை 1940 முதல் 1952 வரை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் இணைப்பாக நடத்தியவர். அந்தக் காலத்திலேயே பாத்திரத்தின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்ட அபூர்வமான ஆள். பிறகு காமிக்ஸ் உலகத்தை விட்டு விலகி, ராணுவத்துக்கான பராமரிப்பு இதழைத் தயாரித்துக்கொண்டிருந்தார்: வண்டியை எப்படிக் கழற்றுவது, துப்பாக்கியை எப்படித் துடைப்பது என்று சிப்பாய்களுக்குப் படம் போட்டுச் சொல்லும் இதழ். 1971இல் ஃபில் சூலிங் நியூயார்க்கில் நடத்திய காமிக்ஸ் மாநாட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது 54. கோட்டு, டை. எதிரே நின்றவர் தோள்வரை முடி வளர்த்த 24 வயது கிச்சன். ஐஸ்னர் அண்டர்கிரவுண்ட் இதழ்களைப் புரட்டிப் பார்த்தார். சிலவற்றைப் பார்த்து முகம் சுளிக்கவும் செய்தார். ஆனால் தொழில் தெரிந்தவர் அல்லவா, அவருடைய கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. பிரதிகள் திரும்பி வருவதில்லையா? உரிமை ஓவியரிடமேவா? தணிக்கையே கிடையாதா? இப்படி ஒரு சந்தை இருப்பதே அவருக்குப் புதுச் செய்தி.

1972இல் கிச்சனின் 'ஸ்நார்ஃப்' மூன்றாவது இதழுக்கு ஐஸ்னர் அட்டை வரைந்து கொடுத்தார். அண்டர்கிரவுண்ட் ஓவியர்களின் நிலவறைக்குள் ஸ்பிரிட் நுழைவது மாதிரியான படம். 1973இல் 'ஸ்பிரிட்' இரண்டு இதழ்கள் கிச்சன் சிங்க்கிலிருந்து வந்தன. அவை போன வேகத்தைப் பார்த்த வாரன் என்ற பெரிய பத்திரிகைக் கம்பெனி அதை எடுத்துக்கொண்டு போய், 1974 முதல் 1976 வரை 16 இதழ் நடத்தியது. கிச்சன் சண்டை போடவில்லை. போட முடியாது, உரிமை ஐஸ்னருடையது. வாரன் நிறுத்தியதும் 1977இல் தொடர் திரும்பி வந்தது. இங்கே எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: கிச்சன் அதற்கு மறுபடி 1 என்று எண் போடவில்லை. வாரன் விட்ட இடத்திலிருந்து 17 என்று தொடர்ந்தார். வாசகரின் அலமாரியில் வரிசை குலையக்கூடாது என்று நினைக்கும் பதிப்பாளர் அவர். 1983இல் 41ஆம் இதழ் வரை அது போனது. அதன்பிறகு ஸ்பிரிட் கதைகளைக் காலவரிசையில் காமிக்ஸ் இதழ்களாகவே போட்டார்கள். 1992க்குள் 87 இதழ்கள்.

பழைய கதைகளின் மறுபதிப்பு இதன் ஒரு பாதிதான். ஐஸ்னரின் 'கடவுளோடு ஓர் ஒப்பந்தம்' 1978இல் வேறொரு சின்னப் பதிப்பகத்திலிருந்து வந்தது. 1985இல் அதைத் திரும்ப அச்சுக்குக் கொண்டுவந்தது கிச்சன் சிங்க். அதைவிட முக்கியமானது, ஐஸ்னர் புதிதாக எதை வரைந்தாலும் தொடராகப் போட அவருக்கென்று ஒரு பத்திரிகை காத்திருந்தது. 'ஸ்பிரிட்' இதழிலும் பிறகு அவர் பெயரிலேயே வந்த காலாண்டிதழிலும் அத்தியாயம் அத்தியாயமாக வந்தவைதான் பின்னால் புத்தகங்களாயின. அறுபது வயதைத் தாண்டியவர், அடுத்த அத்தியாயத்துக்குப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்ததால் வரைந்துகொண்டே இருந்தார். கிச்சன் சிங்க் செய்த ஒரே ஒரு காரியத்தைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

எண்பதுகளில் சந்தை மறுபடி நிமிர்ந்தது. இந்தத் தடவை ஹெட் ஷாப்களுக்குப் பதில் காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள். சூலிங் எழுபதுகளில் தொடங்கி வைத்த விநியோக முறை அது. கடைக்காரர் முன்கூட்டியே எத்தனை வேண்டும் என்று சொல்ல வேண்டும், விற்காததைத் திருப்பக்கூடாது. அண்டர்கிரவுண்ட் கணக்குதான், சட்டைதான் வேறு. கிச்சனுக்கு இது பழகின மைதானம். 1980இல் ஹோவர்ட் குரூஸைத் தொகுப்பாசிரியராக வைத்து 'கே காமிக்ஸ்' இதழைத் தொடங்கியிருந்தார். தன்பாலின ஈர்ப்புள்ள ஓவியர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே வரைந்த இதழ். பழைய பத்திரிகைத் தொடர்களையும் விடவில்லை. ஆல் காப்பின் 'லில் ஆப்னர்' தினசரித் தொடரை வருஷ வாரியாக 27 தொகுதிகள் வரை கொண்டுவந்தார். மில்டன் கனிஃப்பின் 'ஸ்டீவ் கேன்யன்' வந்தது. இப்படிப்பட்ட மறுபதிப்புகள் லட்சக்கணக்கில் விற்காது. மெதுவாக, வருஷக்கணக்கில் விற்கும். பண்ணை குடோன் இருப்பவருக்குத் தோதான சரக்கு.

1987இல் மார்க் ஷுல்ட்ஸின் 'ஜீனோசாயிக் டேல்ஸ்' தொடங்கியது. பெயர் புதிதாகத் தோன்றினாலும் உங்களில் பலருக்கு இது தெரிந்த சரக்குதான். 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்று 1993இல் கேப்காம் விட்ட வீடியோ கேம் இதிலிருந்து வந்தது. அந்த கேமில் வரும் மஞ்சள் தொப்பி முஸ்தபாவுக்காக நாணயம் நாணயமாகப் போட்டவர்கள், அந்த முஸ்தபா விஸ்கான்சின் பண்ணையிலிருந்து வந்தவர் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிபிஎஸ் தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடராகவும் 13 பகுதிகள் வந்தது.

1986 டிசம்பரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இல்லினாய் மாநிலத்தின் லான்சிங் ஊரில் 'ஃப்ரெண்ட்லி ஃப்ராங்க்ஸ்' என்ற காமிக்ஸ் கடையில் போலீஸ் நுழைந்து, ஆபாசப் புத்தகம் விற்றதாக மேலாளரைக் கைது செய்தது. அள்ளிக்கொண்டு போன புத்தகங்களில் கிச்சன் சிங்க் வெளியிட்ட 'ஒமாஹா' தொடரும் ஒன்று. சட்டப்படி பதிப்பாளருக்கு ஒரு சிக்கலும் இல்லை, மாட்டியது கடைக்காரர். 1973இல் கடைக்காரர்களின் பயம் சந்தையை எப்படிச் சாய்த்தது என்று கூடவே இருந்து பார்த்தவர் கிச்சன். அதனால் பேசாமல் இருக்கவில்லை. பிரபல ஓவியர்களிடம் படம் வாங்கி, ஒரு தொகுப்பாக விற்று, வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டினார். 1988இல் தண்டனை கிடைத்தது. 1989இல் மேல்முறையீட்டில் ரத்தானது. மிஞ்சிய பணத்தை வைத்து அடுத்த வழக்குக்குத் தயாராக இருக்கலாமே என்று உருவானதுதான் காமிக் புக் லீகல் டிஃபென்ஸ் ஃபண்ட். 1990இல் முறைப்படி பதிவானது. 2004 வரை கிச்சன்தான் அதன் தலைவர். பதிப்பகம் போய்விட்டது, அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது.

இப்போது கேள்வி கேட்டவர் எதிர்பார்த்த இடத்துக்கு வருவோம்.

கெவின் ஈஸ்ட்மன் நிஞ்சா ஆமைகளை உருவாக்கிய இருவரில் ஒருவர். 1984இல் 3,000 பிரதியில் தொடங்கிய அந்த ஆமைகள் கோடி கோடியாகக் கொட்டின. அந்தப் பணத்தில் 1990இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்தாம்ப்டனில் 'டண்ட்ரா' என்ற பதிப்பகம் தொடங்கினார். ஓவியர்களுக்கு முழுச் சுதந்திரம், தாராளமான முன்பணம், அருமையான தாள். எண்ணம் தங்கமானது, கணக்குதான் ஓட்டை. சுமார் 1.4 கோடி டாலர் போனது என்று அவரே பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். 1993இல் டண்ட்ராவும் கிச்சன் சிங்க்கும் இணைந்தன. வெளியே சொன்னது கிச்சன் சிங்க் டண்ட்ராவை வாங்கிவிட்டது என்று. ஆனால் பண்ணையைக் காலி செய்து, விஸ்கான்சினை விட்டு, நார்தாம்ப்டனுக்கு மூட்டை கட்டியது கிச்சன்தான். யார் யாரை வாங்கினார்கள் என்பதை அதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

பட்டியலைப் பார்த்தால் பொறாமை வரும். ஆலன் மூரும் எடி கேம்பலும் செய்துகொண்டிருந்த 'ஃப்ரம் ஹெல்', ஸ்காட் மெக்கிளவுடின் 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்', ஜேம்ஸ் ஓபாரின் 'தி குரோ' எல்லாம் டண்ட்ராவிலிருந்து வந்து சேர்ந்தன. 1995இல் சார்லஸ் பர்ன்ஸின் 'பிளாக் ஹோல்' இங்கேதான் தொடங்கியது. 1994இல் 'தி குரோ' சினிமாவாக வந்து ஓடியது. நாயகனாக நடித்த பிராண்டன் லீ படப்பிடிப்பில் இறந்துபோனதால் படம் வரும் முன்பே ஊர் முழுக்கப் பேச்சு. புத்தகம் பறந்தது. சின்னப் பதிப்பகங்களுக்கு இப்படி ஒரு வெற்றி வருவது சில நேரம் நோயைவிட மோசம். இதுதான் இனி நம் தரம் என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள்.

ஈஸ்ட்மனின் இடத்துக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் ஒரு முதலீட்டு நிறுவனம் வந்தது. சினிமாக் கனவோடு வரும் பணம் வேறு வகை. 'குரோ' மாதிரி அடுத்தது எங்கே என்றுதான் அது கேட்கும். இங்கேதான் முன்னால் சொன்ன ஒப்பந்தம் திரும்பி வருகிறது. கிச்சன் சிங்க் போட்ட புத்தகங்கள் கிச்சன் சிங்க்குக்குச் சொந்தமில்லை. 'குரோ' ஓபாருடையது, 'ஃப்ரம் ஹெல்' மூர்-கேம்பலுடையது, 'ஸ்பிரிட்' ஐஸ்னருடையது. ஹாலிவுட்டுக்கு விற்கக் கம்பெனி கையில் என்ன இருந்தது? இருபத்தைந்து வருஷம் ஓவியர்கள் அதை நம்பியதற்கு எது காரணமோ, அதுவே முதலீட்டாளரின் கண்ணில் வெறும் காலிப் பெட்டி. இதில் தவறு யாருடையது என்று கேட்டால், காலிப் பெட்டி என்று தெரிந்தும் வாங்கியவர்களையும், அவர்களுக்கு விற்க ஒப்புக்கொண்ட கிச்சனையும் சேர்த்தேதான் சொல்வேன். நேர்மையான ஒப்பந்தத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சந்தையும் சரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வாங்கி வைத்தால் நாளைக்கு விலை ஏறும் என்று காமிக்ஸைப் பெட்டி பெட்டியாக வாங்கிய கூட்டம் 1993க்குப் பிறகு காணாமல் போனது. ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. 1994 இறுதியில் மார்வெல் தனக்கென ஒரு விநியோகக் கம்பெனியை வாங்கிக்கொண்டது. பதிலுக்கு மற்ற பெரிய பதிப்பகங்கள் டைமண்ட் என்ற விநியோகஸ்தரோடு மட்டும் என்று ஒப்பந்தம் போட்டன. கிச்சன் சிங்க், டைமண்டின் போட்டியாளரான கேபிடல் சிட்டி பக்கம் நின்றது. கேபிடல் சிட்டி விஸ்கான்சின் கம்பெனி, பழைய உறவு. 1996 ஜூலையில் டைமண்ட் கேபிடல் சிட்டியையே வாங்கிவிட்டது. தோற்ற பக்கத்தில் நின்றவருக்கு ஜெயித்தவரின் பட்டியலில் எந்த மூலை கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதே வருஷம் வந்த 'குரோ' இரண்டாம் படம் முதல் படத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

அப்புறம் சாக்லேட். கிரம்ப்பின் 'டெவில் கேர்ள்' படம் போட்ட சாக்லேட் பார் ஒன்றைக் கிச்சன் சிங்க் விற்றது. உடம்புக்குக் கெடுதல் என்று உறையிலேயே கிண்டலாகப் போட்டிருக்கும் சரக்கு. 78 வேகத் தட்டு, பேட்ஜ் வரிசையில் இது இன்னொரு குறும்பு, அவ்வளவுதான். ஆனால் கடைசி வருஷங்களில், காமிக்ஸில் காசு இல்லை, சாக்லேட்டில் இருக்கிறது என்ற திசைக்குக் கம்பெனியே திரும்பியது. எழுபதுகளில் பேட்ஜ் விற்ற காசு காமிக்ஸுக்குச் சோறு போட்டது. தொண்ணூறுகளில் காமிக்ஸ் சாக்லேட்டுக்கு வேலைக்காரன் ஆனது. பண்ணையில் கிச்சன் ஒருவரே முடிவெடுத்த காலத்தில் எது பிரதானம், எது பக்க வியாபாரம் என்ற குழப்பமே வந்ததில்லை. நார்தாம்ப்டனில் முடிவு அவர் கையில் இல்லை. 1999 தொடக்கத்தில் கதை முடிந்தது.

ஆக, நேரடியான பதில்: விற்பனை சரிந்தது உண்மை, விநியோகச் சண்டையில் தவறான பக்கம் நின்றதும் உண்மை. ஆனால் 1973இல் இதைவிட மோசமான சரிவைத் தாண்டிய கம்பெனி அது. அப்போது வாடகையும் கடனும் சின்னது, கேட்க ஆள் கிடையாது. இரண்டு வருஷம் குனிந்து நடந்தால் போதும். 1996இல் குனிய முடியாத அளவுக்கு அடுத்தவர் பணம் முதுகில் ஏறியிருந்தது.

பதிப்பகம் சாய்ந்தபோது புத்தகங்கள் சாகவில்லை. உரிமை அவரவரிடம் இருந்ததால் அவரவர் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். 'பிளாக் ஹோல்' முன்பே ஃபேன்டாகிராஃபிக்ஸ் என்ற பதிப்பகத்துக்குப் போயிருந்தது. 'ஃப்ரம் ஹெல்' முழுத் தொகுப்பை எடி கேம்பல் தானே வெளியிட்டார். 'ஸ்பிரிட்' டிசி காமிக்ஸுக்குப் போய்க் கெட்டி அட்டைத் தொகுதிகளாக வந்தது. கிச்சன் ஓவியர்களுக்கான முகவராக மாறினார். ஐஸ்னரின் படைப்புகளையும், 'மேட்' பத்திரிகையை உருவாக்கிய ஹார்வி கர்ட்ஸ்மன் குடும்பத்தின் உரிமைகளையும் கவனித்துக்கொள்வது அவர் வேலையானது. 2013இல் டார்க் ஹார்ஸ் பதிப்பகத்துக்குள் 'கிச்சன் சிங்க் புக்ஸ்' என்று ஒரு சின்னப் பிரிவு தொடங்கினார். அந்த வருஷம் அதிலிருந்து வந்த புத்தகங்களில் ஒன்று, மார்வெல் மூன்றே இதழில் கைவிட்ட அந்தக் 'காமிக்ஸ் புக்' பத்திரிகையின் தேர்ந்தெடுத்த பக்கங்கள்.